லீவில் பிள்ளைகளைத் தொண்டு வேலைக்கு அனுப்புவது: எங்கிருந்து தொடங்குவது?

கோலப்புள்ளி:

எல்லோருக்கும் வணக்கம். பெரிய லீவு நெருங்குகிறது. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10. இந்த முறை இருவரையும் ஏதாவது தன்னார்வத் தொண்டில் சேர்த்துவிடலாம் என்று எனக்கும் கணவருக்கும் ஆசை. பேச்சை எடுத்ததும் மகள், "சர்டிபிகேட் தருவாங்களா?" என்றாள். மகன், "அங்க நாய்க்குட்டி இருக்குமா?" என்றான். இரண்டுக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

கட்டாயப்படுத்தினால் வெறுத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். அவர்கள் போக்கில் விட்டால் ஸ்க்ரீன் முன்னாலேயே லீவு தீர்ந்துவிடும் என்று இன்னொரு பயம். பிள்ளைகளை அனுப்பியவர்கள், வந்த பிள்ளைகளை வைத்து வேலை வாங்கியவர்கள், இரண்டு பக்கமும் பேசினால் நல்லது.

ஓய்வுவாத்தியார்:

உங்கள் மகள் கேட்டது லேசான கேள்வி இல்லையம்மா. அதற்கென்றே ஒரு பழைய உளவியல் ஆய்வு இருக்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் ஸ்டான்ஃபோர்ட் வளாகத்து மழலையர் பள்ளியில் செய்தது. படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்து கொடுத்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். அடுத்த குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் வற்புறுத்தாத நேரத்தில் யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த குழுவில் இந்தச் சரிவு இல்லை.

எனவே சர்டிபிகேட்டே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். முன்னாலேயே காட்டி ஆசை காட்டுவதுதான் வினை. கடைசியில் தந்தால் வாங்கிக்கொள்ளட்டும். நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், அதைச் சொல்லி அழைத்துப் போகவும் வேண்டாம். பள்ளியில் பல வருடம் தொண்டுக் குழுவைப் பார்த்துக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன். சர்டிபிகேட்டுக்கு வந்த பிள்ளைகளை நான் அதிகம் பார்த்தது முதல் நாளும் கடைசி நாளும்தான்.

கேள்விக்குறி:

எதிர்க்குரல் ஒன்று. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது. அதன் 31ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? ஓய்வு, பொழுதுபோக்கு, விளையாட்டு. இவை குழந்தையின் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வருடம் முழுக்கப் பள்ளி, டியூஷன், தேர்வு. லீவு விட்டால் அதையும் "பயனுள்ளதாக" ஆக்கிவிட வேண்டும் பெரியவர்களுக்கு. பிள்ளை சும்மா இருந்தால் நமக்குத்தான் பொறுக்கவில்லை.

இன்னொன்று, "தன்னார்வம்" என்று சொல்லிச் சம்பளமில்லாமல் ஆள் பிடிக்கிற இடங்களும் உண்டு. பெரியவரை வைத்தால் காசு தர வேண்டிய வேலைக்குப் பதினான்கு வயதுப் பிள்ளையை நிறுத்திவிட்டு, தோளில் தட்டி ஒரு குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நிழல்மரம்:

கேள்விக்குறி சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறேன். லீவு வந்தால் எங்களுக்குப் பயம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே நாளில் முப்பது நாற்பது பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இரண்டு பாட்டு, ஒரு நடனம், ஆளுக்கொரு பழம் கையில் கொடுப்பது, போட்டோ. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்காக எங்கள் ஆட்கள் தாத்தா பாட்டிகளை மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பி, உடை மாற்றி, ஹாலில் உட்கார வைக்க வேண்டும். யார் யாருக்குத் தொண்டு செய்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஒன்றிரண்டு பிள்ளைகள்தான். வாரத்தில் குறித்த நாள், குறித்த நேரம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஆனால் லீவு முடியும்வரை தவறக் கூடாது. வேலை என்ன? கண் மங்கியவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது. அதிலும் ஒருவருக்கு விளையாட்டுப் பக்கம் மட்டும் போதும், இன்னொருவருக்கு மரண அறிவிப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தருவது. வெளியூரில் இருக்கிற பேரனுக்கு வீடியோ கால் போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்பது. காது கேட்கும் கருவியில் பாட்டரி மாற்றுவது. செஸ் ஆடுவது (பிள்ளைகள் விட்டுக்கொடுத்து ஆடினால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்துவிடும்). ஒருவருடைய இளமைக்காலக் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்து, எழுதி, அச்சடித்து அவர் கையிலேயே கொடுப்பது. கடைசியாகச் சொன்னதுதான் 14 வயதுப் பிள்ளைகள் அதிகம் விரும்பிச் செய்வது.

எது நல்ல வேலை என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். அந்தப் பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் உள்ளே யாராவது "எங்கே காணோம்?" என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லையென்றால் அந்த வேலை பிள்ளையைத் திருப்திப்படுத்த நாங்கள் ஜோடித்தது. பிள்ளைகளுக்கு அது இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

இரண்டு விஷயம் பெற்றோர் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். லீவு எப்போது முடிகிறது என்பதைப் பிள்ளை முதல் சந்திப்பிலேயே பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் நின்றுவிடுவது கொடுமை. அடுத்தது, முதியோர் இல்லம் என்றால் சாவும் உண்டு. பேப்பர் படித்துக் காட்டிய தாத்தா அடுத்த வாரம் இல்லாமல் போகலாம். அதைப் பற்றி வீட்டில் பேசிவிட்டு அனுப்புங்கள். சில பிள்ளைகள் அன்றோடு வருவதை நிறுத்திவிடுவார்கள், அவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது.

பெயரெதற்கு16:

நான் இங்கே பெரும்பாலும் படிக்க மட்டும்தான் செய்வேன். இந்தத் தலைப்பு எங்களைப் பற்றி என்பதால் எழுதுகிறேன். வயது பெயரிலேயே இருக்கிறது.

அப்பா அம்மாக்கள் கவனிக்க:

போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடாதீர்கள். "என் பொண்ணு எவ்ளோ நல்லவ பாருங்க" என்று நீங்கள் போட்ட அடுத்த நிமிடம் அது உங்கள் வேலையாகிவிடுகிறது, எங்களுடையதாக இல்லை.

ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிக்கொண்டு போக விடுங்கள். தனியாகப் புது இடத்துக்குப் போய்த் தெரியாத பெரியவர்களிடம் பேசுவது எவ்வளவு கூச்சமான விஷயம் என்று உங்களுக்கு மறந்துபோய்விட்டது.

"கஷ்டப்படுறவங்களைப் பார்த்தாதான் உனக்கு உன் வாழ்க்கையோட அருமை தெரியும்" என்ற வசனம் வேண்டாம். ப்ளீஸ். அதைக் கேட்டுவிட்டு அங்கே போனால், எதிரில் இருப்பவரைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. அவர் என்ன, எனக்குப் பாடம் நடத்தவா உட்கார்ந்திருக்கிறார்?

நான் செய்வது பார்வையில்லாத மாணவர்களுக்குத் தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது. ஸ்க்ரைப் என்பார்கள். ஒரு அக்கா அறிமுகப்படுத்தினார். சர்டிபிகேட் ஞாபகமே வராது, ஏனென்றால் நான் தப்பாக எழுதினால் அவருக்கு மார்க் போய்விடும். அந்தப் பயமே போதும்.

ஓய்வுவாத்தியார்:

தம்பி, பிரமாதம். ஸ்க்ரைப் வேலையைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: எழுதுபவர் தேர்வு எழுதுபவரைவிடக் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் தேர்வுகள் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் பள்ளிப் பிள்ளைகளின் தேவை நிஜமான தேவை. விதி தேர்வுக்குத் தேர்வு மாறும், கேட்டுக்கொண்டு போக வேண்டும். லீவில் தேர்வு இல்லாவிட்டாலும் பாடப் புத்தகத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் வேலை இருக்கும். கணக்குப் புத்தகத்தில் இருக்கிற வரைபடத்தை வாயால் விவரிக்கச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பெயரெதற்கு16:

சார் நான் தம்பி இல்லை, தங்கை 🙂

ஓய்வுவாத்தியார்:

சரிம்மா, சரி!

கோலப்புள்ளி:

நிழல்மரம் அக்கா எழுதியதை மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கதை பதிவு செய்து புத்தகமாக்குவது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னும் "சரி" என்று சொல்லவில்லை. நான் திரும்பக் கேட்கவும் இல்லை.

மகனுடைய நாய்க்குட்டிக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

வாலாட்டி:

நாய்க்குட்டிக்கு நான் வந்துவிட்டேன். விலங்குக் காப்பகத்தில் ஞாயிறுதோறும் வேலை செய்கிறேன்.

10 வயதுப் பிள்ளையை நாய்க்கூண்டுக்குள் எந்தப் பொறுப்பான காப்பகமும் விடாது. விட்டால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. குழந்தையின் முகமும் நாயின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கும், குழந்தை ஓடும், கத்தும், வாலை இழுக்கும்.

ஆனால் கூண்டுக்கு வெளியே வேலை நிறைய. பழைய துணியை வெட்டிப் படுக்கை தைப்பது, பாத்திரம் கழுவுவது, காகிதச் சுருளில் விளையாட்டுப் பொருள் செய்வது, தத்துக் கொடுக்கவிருக்கும் ஒவ்வொரு நாய்க்கும் அறிமுக அட்டை எழுதுவது. அட்டை எழுத 10 வயதுதான் சரியான வயது. "இடி இடித்தால் இவன் மேஜைக்கு அடியில் போய்விடுவான், நீங்களும் கூடப் போக வேண்டும்" என்று ஒரு பையன் எழுதிய அட்டையைப் பார்த்துச் சிரிக்காதவர்களே இல்லை. அமெரிக்காவின் மிசூரி விலங்குநலச் சங்கம் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளைக் கூண்டுக்கு வெளியே உட்கார வைத்து, பயந்த நாய்களுக்குப் புத்தகம் வாசிக்கச் செய்கிறது. நாய் தானாக எழுந்து முன்னால் வந்து பார்க்கும். தத்தெடுக்க வருபவர்கள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாயைத் தாண்டிப் போய்விடுவார்கள், முன்னால் வந்து நிற்பதைத்தான் கேட்பார்கள். அதனால் இந்த வாசிப்பு நாய்க்கு நிஜமாகவே உதவுகிறது. உங்கள் ஊர்க் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள், செலவில்லாத யோசனை.

நீங்களும் கூடவே உட்கார வேண்டியிருக்கும். அதற்குத் தயாரா?

கோலப்புள்ளி:

எனக்கு நாய் என்றால் பயம். கணவரை அனுப்புகிறேன்.

மஞ்சள்குடை:

குழந்தைப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்கிறேன். இதுவரை யாரும் எடுக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். லீவில் தொண்டு என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது குழந்தைகள் இல்லம். "அங்கே போய் அந்தப் பிள்ளைகளோடு ஒரு வாரம் விளையாடட்டும்." மனசு நல்ல மனசுதான், ஆனால் தயவுசெய்து வேண்டாம்.

இல்லத்தில் வளரும் குழந்தை ஏற்கெனவே ஒருமுறை தன் ஆட்களை விட்டுப் பிரிந்து வந்தது. லீவுக்கு லீவு புதுப் புது அண்ணன் அக்காக்கள் வருவார்கள், ஒட்டிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். சில நாளில் அந்தக் குழந்தை எந்தப் புது முகத்திடமும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும். பார்ப்பவர்கள் "எவ்வளவு பாசம்!" என்பார்கள். எங்கள் துறையில் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வதில்லை, யாரையும் நிலையாக நம்பப் பழகாததன் அடையாளமாகவும் இருக்கலாம் என்று கவனிப்போம். பார்வையாளர் வருகையையும் நன்கொடையையும் நம்பி, பெற்றோர் உள்ள குழந்தைகளையே கொண்டுவந்து வைத்திருக்கும் இல்லங்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. அதனால்தான் 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானத்திலேயே, இல்லங்களில் தன்னார்வலராகப் போவதால் வரும் தீங்குகள் பற்றியும் பேசப்பட்டது.

எதிரில் இருப்பதும் உங்கள் பிள்ளை வயதுதான். உங்கள் மகள் தூங்கும் அறைக்குள் வாரம் ஒரு புதுக் கூட்டம் வந்து நின்று போட்டோ எடுத்தால் விடுவீர்களா?

கேள்விக்குறி:

குழந்தை இல்லம் வேண்டாம், முதியோர் இல்லத்துக்குக் கூட்டமாக வேண்டாம், நாயைத் தொட வேண்டாம். மிச்சம் என்னதான் இருக்கிறது? நான் முதலில் சொன்ன சும்மா இருப்பதுதானே?

மஞ்சள்குடை:

நேரடியாகக் குழந்தையைத் தொடாமல் அந்தக் குழந்தைக்கு உதவ வழி இருக்கிறது அண்ணா. உங்கள் பிள்ளை தன் பழைய பாடப் புத்தகங்களைச் சேகரித்து, பென்சில் குறிப்பை அழித்து, கிழிந்ததை ஒட்டி, வகுப்பு வாரியாகக் கட்டி அனுப்பலாம். போட்டோ வராது, யாரும் கைதட்ட மாட்டார்கள். இந்த மாதிரி வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

எங்கே அனுப்பினாலும் பெற்றோர் மூன்று கேள்வியாவது கேட்டுவிடுங்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்க விடாமல் விதி இருக்கிறதா? பிள்ளைக்கு ஏதாவது சங்கடம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் பெயர் என்ன? பிள்ளையின் படத்தை எங்கே போடுவார்கள், போட வேண்டாம் என்றால் மதிப்பார்களா? கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தைவிட்டு அப்போதே கிளம்பலாம். நல்ல இடங்களில் நீங்கள் கேட்கும் முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

எழுத்துப்பூச்சி:

வெளியே அனுப்ப வழியில்லாதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று. நான் தமிழ் விக்கிமூலத்தில் (பழைய நூல்களை எல்லோரும் படிக்க இணையத்தில் ஏற்றும் தளம்) மெய்ப்பு பார்ப்பவன். பழைய தமிழ்ப் புத்தகத்தின் ஸ்கேன் செய்த பக்கம் இடப்புறமோ வலப்புறமோ இருக்கும், பக்கத்தில் கணினி படித்து எழுதிய எழுத்து. கணினி ளவையும் னவையும் குழப்பும், கொம்பையும் காலையும் தின்றுவிடும். படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. அவ்வளவுதான் ஆட்ட விதி. ஒரு புத்தகத்தின் அட்டவணைப் பக்கம் சிவப்பிலிருந்து மெல்லப் பச்சையாக மாறுவதைப் பார்க்கும் ருசி பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். அந்தப் புத்தகத்தை நாளைக்கு யாரோ தேடிப் படிப்பார். மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியபோதும் உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்துதான் சங்க இலக்கியம் இணையத்துக்கு வந்தது.

அறிவியல் பிடித்த பிள்ளை என்றால் கேலக்ஸி ஜூ என்ற இணையத் திட்டம். 2007இல் தொடங்கியது. தொலைநோக்கி எடுத்த படத்தைப் பார்த்து, இந்த விண்மீன் மண்டலம் சுருளா, நீள்வட்டமா என்று சொல்ல வேண்டும். அந்த முதல் வருடமே ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை படங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, யாருக்கும் என்னவென்று புரியாத ஒரு நீலப் படலத்தைக் கண்டு கேட்டார். இன்று அந்த வான்பொருளுக்கே அவர் பெயர். பிறகு அதே வழியில் ஜூனிவர்ஸ் தளம் வந்தது. விலங்குக் கேமராப் படங்கள், பழைய கப்பல் குறிப்பேடுகள் என்று வேலை குவிந்து கிடக்கிறது.

பறவை எண்ணுவதும் உண்டு. பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளத்தில் 13 வயது ஆனால்தான் கணக்கு தொடங்கலாம், சிறுவர்கள் பெற்றோர் கணக்கில் சேர்ந்து எண்ணலாம். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்ததையெல்லாம் எழுதினாலே அது ஆய்வாளர்களுக்குத் தரவு. தெரியாத பறவையைத் தெரிந்த மாதிரி எழுதாதே என்பது மட்டும் கண்டிப்பு.

கேள்விக்குறி:

இதை ஒத்துக்கொள்கிறேன். போட்டோ இல்லை, பரிதாபம் இல்லை, யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. ஆனால் ஸ்க்ரீன் நேரத்தைக் குறைக்கத்தானே இந்தம்மா கேட்டார்?

எழுத்துப்பூச்சி:

😀 பறவை எண்ணுவது வெளியே நின்றுதான் சார்.

அலைதொட்டவள்:

வெளியே என்றால் கடற்கரை, குளக்கரைத் தூய்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, எண்ண வேண்டும். 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியின் தனித்தன்மையே அதுதான். பொறுக்கிய குப்பையை மூட்டை கட்டுவதோடு நிறுத்தாமல், மூடி எத்தனை, ஸ்ட்ரா எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை என்று அட்டையில் கோடு போடச் செய்தார்கள். உலகம் முழுக்கப் பல வருடம் பட்டியலில் முதலிடத்தில் நின்றது சிகரெட் துண்டுதான், அது தெரிந்ததே இந்தக் கோடுகளால்தான். வெறுமனே குப்பை பொறுக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் முதுகு வலிக்கும் பிள்ளைகள், பேனாவும் அட்டையும் கையில் வந்ததும் சண்டை போட்டுக்கொண்டு பொறுக்குவார்கள். கையுறை, மூடிய செருப்பு, ஊசியோ கண்ணாடியோ கண்டால் தொடாமல் கூப்பிடு. வேறு விதி தேவையில்லை.

கோலப்புள்ளி:

இவ்வளவு வழி இருக்கும் என்று நினைக்கவில்லை. என் முதல் பயம் மட்டும் அப்படியே நிற்கிறது. கட்டாயப்படுத்தலாமா, கூடாதா?

ஓய்வுவாத்தியார்:

அரசாங்கங்களே இதில் இரண்டு மனதாகத்தான் இருக்கின்றன. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்க 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம், 1999இலிருந்து. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் அதற்கும் முந்தியது, அங்கே 75 மணி. நேரத்தைக் கணக்குக் காட்டினால் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். கடைசி வருடத்தில் கையெழுத்து தேடி அலைவார்கள். பல நாட்டுப் பள்ளிகளில் இருக்கும் சர்வதேச பாக்கலாரியேட் பாடத்திட்டத்திலும் முன்பு 150 மணி நேரம் என்று இருந்தது. இப்போது மணிக்கணக்கை எடுத்துவிட்டு, 18 மாதம் தொடர்ந்து ஈடுபட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது புத்திசாலித்தனம்.

கட்டாயத்தின் விளைவைப் பற்றி 1999இல் ஸ்டுகாஸ், ஸ்னைடர், கிளாரி மூவரும் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தார்கள். முதலிலேயே தொண்டில் அவ்வளவாக நாட்டமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தியபோது, பிற்பாடு தானாகப் போகும் எண்ணம் அவர்களிடம் குறைந்தது. "செய், செய்யாமலும் இருக்கலாம்" என்று தெரிவை அவர்களிடம் விட்டபோது அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆக, கட்டாயம் அதிகம் கெடுப்பது யாரை இழுத்து வர நினைக்கிறோமோ அவர்களைத்தான்.

என் வழக்கம் இது. "போகிறாயா?" என்று கேட்க மாட்டேன், அதற்கு "இல்லை" என்று ஒரே பதில்தான். மூன்று வேலையைச் சொல்லி, எது பரவாயில்லை என்று கேட்பேன். மூன்று தடவை போய்ப் பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடு, யாரும் கேட்க மாட்டோம் என்பேன். விட்டவர்களை நிஜமாகவே கேட்காமல் இருந்தேன், அதனால்தான் அடுத்த வருடம் வேறு வேலைக்கு அவர்களே வந்தார்கள்.

நூலகத்தேனீ:

ஆய்வு பேசும் சாருக்கு நானும் ஒன்று தருகிறேன். 2006இல் வார்னெகன், டொமசெல்லோ இருவரும் 18 மாதக் குழந்தைகளிடம் செய்தது. பெரியவர் ஒருவர் துணி கிளிப்பைத் "தவறி" கீழே போட்டுவிட்டு எட்டாமல் தவிப்பார். கை நிறையப் புத்தகத்தோடு வந்து அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். உதவி கேட்க மாட்டார், நன்றியும் சொல்ல மாட்டார். 24 குழந்தைகளில் 22 பேர் ஏதாவது ஒரு தடவையாவது எழுந்துபோய் உதவினார்கள். ஒன்றரை வயதில்! அதனால் "ஊக்குவிப்பது எப்படி" என்பதைவிட, நடுவில் யார் அணைத்துவிட்டார்கள் என்று கேட்கலாம் போல இருக்கிறது. மூன்று வயதில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையிடம் "நீ போய் விளையாடு, நான் சீக்கிரம் முடிச்சுடறேன்" என்றது நாம்தானே.

சிறுவர் நூலகத்தில் எனக்கு 10 வயது உதவியாளர்கள் இருக்கிறார்கள். அடுக்கு மாறிய புத்தகங்களைச் சரி செய்வது, முதுகு கிழிந்ததைக் கண்டுபிடித்துத் தனியே எடுப்பது, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது. மெதுவாகத்தான் செய்வார்கள். நான் செய்தால் பாதி நேரம்தான் ஆகும், அதைச் சொல்லாமல் இருப்பதுதான் என் வேலை. ஒரு அடுக்கு முழுக்க ஒரு பையன் பொறுப்பு. அவன் இல்லாத நாளில் அந்த அடுக்கை நான் தொட மாட்டேன். தொட்டால் மறுநாள் விசாரணை நடக்கும்.

நிழல்மரம்:

கோலப்புள்ளிக்குக் கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். லீவு விட்ட முதல் வாரம் போன் செய்யாதீர்கள், எல்லோரும் அப்போதுதான் செய்வார்கள், எங்களால் யாருக்கும் உருப்படியாகப் பேச முடியாது. இப்போதே பேசுங்கள். பேசுவது நீங்களாக இல்லாமல் மகளாக இருந்தால் இன்னும் நல்லது. "என் பொண்ணை அனுப்பறேன்" என்று வரும் போன்கள் நூறு. "எனக்கு 14 வயசு, எனக்குக் கதை கேட்டு எழுதப் பிடிக்கும், உங்ககிட்ட இடம் இருக்கா" என்று வரும் போன் அபூர்வம், அதற்கு இடம் இல்லாவிட்டாலும் உண்டாக்குவோம். முதல் நாள் நீங்களும் வாருங்கள், இடத்தைப் பாருங்கள், மஞ்சள்குடை சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாம் நாளிலிருந்து வாசலோடு சரி. வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "யார்கூடப் பேசின?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

கோலப்புள்ளி:

மகள் போன் செய்துவிட்டாள்! என்னை அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். கூட ஒரு தோழியும் வருகிறாள். மகன் பழைய போர்வைகளையெல்லாம் வெட்ட எடுத்து வைத்துவிட்டான், அதில் இரண்டு பழையவை இல்லை.

பெயரெதற்கு16:

போட்டோ போட மாட்டீங்கதானே ஆன்ட்டி?

கோலப்புள்ளி:

மாட்டேன்மா.

கேள்விக்குறி:

நானும் என் பையனிடம் மூன்று வேலையைச் சொல்லி எது பரவாயில்லை என்று கேட்டேன். "மூணும் வேண்டாம்" என்றான். 31ஆவது பிரிவை மதித்து விட்டுவிட்டேன்.

பெயரெதற்கு16:

அடுத்த வாரம் வேற மூணு சொல்லிக் கேளுங்க அங்கிள். முதல் தடவை நாங்க எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்வோம்.